கேட்டுக்கு இந்தப் பக்கம்

ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் கடிதம் எழுதினேன். என் பதவிக்கு வேறு பெயர் உண்டு. பார்த்த வேலை அதுதான். தோலில் பூஞ்சை பிடித்திருக்கிறது, நிறம் சீராக இல்லை, மடித்தால் வெடிக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து பேக்ஸ் வரும். அதற்குப் பதில் எழுத வேண்டும். என் பதில்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: ‘சரக்கு எங்கள் கேட்டைத் தாண்டும்போது நல்ல நிலையில் இருந்தது.’ அதற்குப் பிறகு லாரியின் தார்ப்பாய், துறைமுகத்து மழை, கப்பலுக்குள் இருக்கும் ஈரம் என்று எதன் மேலும் பழியைப் போடலாம். சரக்கு உண்மையிலேயே நல்ல நிலையில் இருந்ததா என்று நான் ஒருநாளும் குடோனுக்குள் போய்ப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் அந்த வாக்கியம் எழுத வராது.

முதலாளிக்கு என் கடிதங்கள் மேல் பெரிய நம்பிக்கை. சார் லெட்டர் ஒன்று போனால் பாதிப் புகார் வாபஸ் என்று விருந்தாளிகளிடம் சொல்வார். நானும் கூச்சப்படுவதுபோல நின்றிருப்பேன்.

அந்த வாக்கியத்தை ஓய்வு பெற்ற பிறகு வீட்டு விஷயம் ஒன்றுக்காக ஒருமுறை எழுதினேன். வீட்டு இன்டர்நெட்டின் வேகம் பற்றிய விஷயம் அது. இவ்வளவு சிறிய காரியத்தில் இவ்வளவு கெட்டவனாக இருக்க முடியுமா என்று இப்போது தோன்றுகிறது. முடியும்.

இரண்டாயிரத்து நாலில் எங்கள் ஒரே மகள் கணவன் வீட்டைவிட்டுத் திரும்பி வந்தாள். எட்டு வருடக் கல்யாணம், குழந்தை இல்லை, ஒரு பெட்டி. அவன் அடித்தானா என்று கேட்டோம். இல்லை என்றாள். அவன் சந்தேகப் பிராணி, எதை எடுத்தாலும் விசாரணை என்று என் மனைவி மெதுவாக விசாரித்து வந்து என்னிடம் சொன்னாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். ஏன் போனேன் என்று மனைவிக்குப் புரியவில்லை.

மகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆறு மாதம் வேலூருக்குப் பஸ்ஸில் போய் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கற்றுக்கொண்டாள். அமெரிக்காவில் டாக்டர் ஒருவர் நோயாளியைப் பார்த்துவிட்டு விவரத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார். அந்தக் குரல் இன்டர்நெட் வழியாக இங்கே வரும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு அப்படியே டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டாயிரத்து ஆறில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே செய்யும்படி அவளுக்கு வேலை கொடுத்தது. காலை ஆறு மணிக்குக் குரல்கள் வரும். மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை நின்றுவிடும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வேலை அவளுக்கு என்ன என்று எங்களுக்குத் தெரியும். சர்ச்சில் யாராவது “இப்போ இன்னா பண்றா உங்க பொண்ணு” என்று கேட்டால், அவளே முந்திக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அதற்கு முன் அந்தக் கேள்வி வந்தால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

வேலைக்காகக் கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் வாங்கினோம். எங்கள் பழைய டெலிபோன் லைனிலேயே இன்டர்நெட்டும் வரும் என்றார்கள். ஹாலில் போன் இருந்த இடத்தில் ஸ்பிளிட்டர் என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா வந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் போனுக்கு, இன்னொன்று மோடத்துக்கு. மோடத்தில் நாலு பச்சை விளக்குகள். இரண்டாவது விளக்கு நிலையாக எரிந்தால் லைன் இருக்கிறது, சிமிட்டினால் போய்விட்டது என்று அர்த்தம்.

அது சிமிட்டிக்கொண்டே இருந்தது.

மூன்று நிமிடத்தில் இறங்க வேண்டிய குரல் இருபது நிமிடம் ஆகும். எண்பத்தேழு சதவீதத்தில் விளக்கு சிமிட்டும். மறுபடி பூஜ்யத்திலிருந்து. எங்கள் தெருவில் நகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்; குடத்தை வைத்துவிட்டு “வருதா?” என்று கேட்பதுதான் என் மனைவியின் காலைப் பழக்கம். இப்போது அதே குரலில், சமையலறையிலிருந்து, கம்ப்யூட்டருக்கும் கேட்க ஆரம்பித்தாள். “வருதா?” மகள் பதில் சொல்ல மாட்டாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்த நீலக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நகராத கோட்டைப் பார்த்தே எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் வேறு காரணம் சொன்னார்.

வேகம் ஏன் குறைகிறது என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எங்கள் தெரு எக்சேஞ்சிலிருந்து கடைசியில் இருக்கிறது, தூரம் ஜாஸ்தி என்றார் சர்ச் செயலாளர். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் குறையும் என்றார் எதிர்வீட்டு நர்சம்மா. கம்ப்யூட்டர் விற்றவன் வைரஸ் என்றான். பிறகு மெமரி கம்மி என்றான். மழைக்கு ஒயரின் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கும். இதெல்லாம் போதாதென்று எங்கள் ஊர்க் காற்று. தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டி வருகிற காற்றில் வெள்ளிக் கொலுசு ஒரு மாதத்தில் கறுத்துப்போகும். செம்புக் கம்பியில் களிம்பு ஏறும். என் மனைவி தானாகவே ஒன்று கண்டுபிடித்தாள், மிக்ஸி. குரல் இறங்கும் நேரத்தில் சட்னி அரைக்கக் கூடாது என்று அவளுக்கு அவளே தடை போட்டுக்கொண்டாள். இரண்டு மாதம் பொடி தொட்டுக்கொண்டுதான் இட்லி சாப்பிட்டோம்.

மிக்ஸியை விட்டால் மற்றதெல்லாம் உண்மைக் காரணங்கள்தான். தூரத்துக்கும், கூட்டத்துக்கும், ஈரத்துக்கும், களிம்புக்கும் வேகம் குறையத்தான் செய்யும். அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஒன்றை நாங்கள் மூவருமே கவனித்தோம். போன் மணி அடித்தால் போதும், விளக்கு சிமிட்டத் தொடங்கிவிடும். காலையில் யாரும் கூப்பிடாதீர்கள் என்று உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்தோம். அப்படியும் ஒருநாள் வாணியம்பாடியிலிருந்து என் மச்சினன், அங்கே இழவு ஒன்று விழுந்த செய்தியைச் சொல்லக் கூப்பிட்டான். மணி அடித்ததும் கோடு நின்றது. மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றுதான் முதல் எச்சரிக்கை வந்தது.

அன்று மத்தியானம் மோடத்தோடு வந்த தாளை எடுத்துப் படித்தேன். எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவன் நான். அதில் ஒரு படம். ஒரு வீடு, அதற்குள் இரண்டு போன்கள். ஒன்று ஸ்பிளிட்டர் வழியாக. அதற்குச் சரி என்று குறி. இன்னொன்று நேராக லைனில். அதன் மேல் பெருக்கல் குறி. வீட்டிலுள்ள எந்த போனாவது ஸ்பிளிட்டர் இல்லாமல் லைனில் சேர்ந்திருந்தால் வேகம் குறையும், மணி அடிக்கும்போது இணைப்பு அறுந்துபோகும் என்று கீழே எழுதியிருந்தது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டாவது போன் ஒன்று இருந்தது. என் அறையில், பீரோவுக்குப் பின்னால், ஒரு ஸ்டூலின் மேல். அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் மகள் கடைசி வருடம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போன் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சாயங்காலமானால் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கூடப் படிக்கிற பெண் என்பாள். பெண்தானா என்று எனக்குச் சந்தேகம். கம்பெனி எலெக்ட்ரீஷியனை ஒரு சனிக்கிழமை, அம்மாவும் மகளும் வேலூருக்குப் போயிருந்தபோது, வரவழைத்தேன். ஹாலில் போன் ஒயர் ஓடும் மரப்பட்டையைக் கழற்றி, உள்ளே ஒயரோடு இன்னொரு ஒயரை முறுக்கிச் சேர்த்து, வென்டிலேட்டர் வழியாக என் அறைக்கு இழுத்து, மணிச் சத்தம் வராமல் ஒரு போனை வைத்துக் கொடுத்தான். மேலே மறுபடி பட்டையைப் பூட்டி, வார்னிஷ் தடவிவிட்டுப் போனான்.

ஆறு மாதம் ஒட்டுக்கேட்டேன். இதை இப்படித்தான் எழுத வேண்டும். வேறு எப்படி எழுதினாலும் அது கம்பெனிக் கடிதம். ஆண் குரல் ஒருநாளும் கேட்கவில்லை. லேப் ரெக்கார்டு, கல்லூரிப் பேராசிரியை கட்டி வந்த புடவை, யார் யாருக்கு டைபாய்டு, சிரிப்பு, இவைதான். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், பெங்களூரில் ஒரு கம்பெனியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், தான் போகப்போவதாகவும் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஹாஸ்டலில் இடம் கேட்டிருப்பதாகவும் அவள் சொன்னதைக் கேட்டேன். கம்பெனியின் பெயர், தெரு, தேதி எல்லாம் சொன்னாள். மறு ஞாயிற்றுக்கிழமையே ஒரு மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்தேன். நேர்முகத் தேதிக்கு நாலு நாள் முன்னால் நிச்சயதார்த்தம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த போனை நான் எடுக்கவே இல்லை. கழற்றவும் இல்லை. பீரோவை நகர்த்த வேண்டும், அதைக் கையில் எடுக்க வேண்டும், எங்காவது வைக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் செய்ய விரும்பவில்லை.

இப்போது வேறு வழியில்லை. புகார் கொடுத்திருந்தோம். லைன்மேன் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவும் மகளும் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்துப் பீரோவை நகர்த்தினேன். போனைப் பிடுங்கி, பழைய தோல் மாதிரித் துண்டுகள் கிடக்கும் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். ஒயரை அப்படியே விட்டுவிட்டேன். போன் இல்லாத ஒயர் என்ன செய்துவிடும் என்று எண்ணினேன்.

லைன்மேனைத் தெருவில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதை நெருங்கும் வயது, தோளில் கயிற்றுப் பை. ஒருவர் வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு நாய்க்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே வரமாட்டார். தெருக் கம்பத்தில் ஏறிப் பார்த்தார். ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே வரும் இடத்தில் தன் கருவியை மாட்டிப் பார்த்தார். பிறகு ஹாலில் போன் டப்பாவிடம் வந்து அதையே மாட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“ஊட்ல பேரலல் எதனா இருக்கா சார்?”

இரண்டாவது போனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“இந்த வீட்டில் இருக்கிறது ஒரே ஒரு போன்” என்றேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அது உண்மை.

“ஜன்னலாண்ட பக்காவா இருக்கு சார். இங்க வந்தா பாதிதான் இருக்கு. நடுவுல பத்தடி. அந்தப் பத்தடில எங்கயோ தின்னுது. இந்தப் பட்டையக் கழட்டி புது ஒயர் போட்டுர்றேன், அரை மணி நேர வேலை.”

மகள் முகம் தெளிந்தது. கழற்றட்டும்ப்பா என்றாள். பாய் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டார்.

நான் சத்தம் போட்டேன். கிறிஸ்துமஸ்ஸுக்குத்தான் பெயின்ட் அடித்தோம், யாரும் கைவைக்கக் கூடாது என்றேன். கம்பத்தில் இருக்கிற கோளாறை மறைப்பதற்கு என் வீட்டைக் கழற்ற வேண்டாம் என்றேன். சொல்லும்போதே குரல் எனக்கு அந்நியமாக இருந்தது. பாய் ஸ்குரூ டிரைவரைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

“சார், நீங்க படிச்சவரு. லைனுக்கு நம்ம பேச்செல்லாம் புரியாது. எங்க பழுதோ அங்கதான் பேஜார் பண்ணும்” என்று சொல்லிவிட்டு, மகளைப் பார்த்து, “வர்றேம்மா” என்றார்.

அன்றைக்கே அவருடைய மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். லைன்மேன் அலட்சியமாக இருந்தார், தம் வேலையைத் தவிர்க்க வாடிக்கையாளர் வீட்டின் மேல் பழி போட்டார், ஒரு பெண்ணின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று படிப்படியாகக் கட்டிக்கொண்டு போனேன். கடைசிப் பாராவில் அந்த வாக்கியம், கொஞ்சம் மாற்றி: ‘எங்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் பழுது ஏதும் இல்லை.’ மகளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பாய் நல்ல மாதிரியாச்சே என்று மட்டும் சொன்னாள்.

கடிதம் நன்றாக வேலை செய்தது. மூன்றே வாரத்தில் பாயை ஒடுகத்தூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மலையடியில் கிராமம் கிராமமாகச் சுற்றும் வேலை. அவருக்குப் பதிலாக எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை.

போனைப் பிடுங்கியதற்குப் பலன் இல்லாமல் இல்லை. மணி அடித்தால் இப்போது விளக்கு சிமிட்டவில்லை. ஆனால் வேகம் ஏறவில்லை. வெறுமனே தொங்கும் ஒயரும் லைனைக் கெடுக்கும், உள்ளே போன சத்தம் அதன் நுனியில் மோதித் திரும்பி வந்து மற்றதைக் குழப்பும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதோடு அந்த முறுக்கிய ஜாயின்ட்டில் எங்கள் ஊர்க் காற்று பதினோரு வருடம் வேலை செய்திருந்தது. பழுது போய்விட்டது என்று நான் நினைத்தேன். அப்படியும் கோடு நகராதபோது, பார், உண்மையிலேயே வெளியில்தான் இருக்கிறது என்று எனக்கே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்று நினைக்கவே முடியவில்லை.

இரண்டாவது எச்சரிக்கை வந்தது. அதற்குப் பிறகு மகள் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்கு நடந்து போவாள். கடைக்காரரிடம் கெஞ்சி முன்கூட்டியே திறக்க வைத்து, குரல்களைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு ஓடி வருவாள். நோயாளிகளின் விவரம் வெளியிடத்தில் திறக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. கண்டுபிடித்தால் மூன்றாவது எச்சரிக்கைக்கே இடமில்லை. அவள் திரும்பி வரும்வரை நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போகும்போது மூச்சு வாங்குவது கேட்கும். முப்பத்திரண்டு வயதுப் பெண் பள்ளிக்குத் தாமதமான பிள்ளைபோல ஓடுவதைத் தெரு பார்த்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். நாலு வாரம்.

பிரவுசிங் சென்டர் வாசலில் ஒருநாள் பாய் அவளைப் பார்த்திருக்கிறார். லீவில் வந்தவர். அவள் பேசத் தயங்க, அவரே கூப்பிட்டு லைன் எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். மாற்றலைப் பற்றி ஒன்றும் குறை சொல்லவில்லையாம். அங்கே காற்று நல்லா இருக்கும்மா, மூக்கு திறந்துகிச்சு என்று சிரித்தாராம். பிறகு, அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து ஒயர் மேல் கையை வைத்துக்கொண்டே கடைசிவரை போய்ப் பாரும்மா என்று சொல்லியிருக்கிறார்.

அவள் நான் இல்லாத நேரம் பார்க்கவில்லை. அன்று வேலை முடித்து, மத்தியானம், என் கண் முன்னாலேயே ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நான் என் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். பேப்பரை விரித்துப் பிடித்தேன். பட்டையிலிருந்து பெயின்ட் உரிந்து தரையில் விழும் சத்தம் கேட்டது. ஸ்குரூக்கள் ஒவ்வொன்றாக ஒரு கிண்ணத்தில் விழுந்தன. பிறகு அமைதி. அந்த அமைதியில் அவள் இரண்டாவது ஒயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. ஸ்டூல் இழுபடும் சத்தம். அவள் சுவரைப் பார்த்தபடியே, வென்டிலேட்டருக்கு நேராக, என் அறைக்குள் வந்தாள். பீரோவின் பக்கம் குனிந்து கையை விட்டு இழுத்தாள். பச்சைக் களிம்பு பிடித்த இரண்டு நுனிகளோடு ஒயர் வெளியே வந்தது. எட்டிப் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலின் மேல் தூசி. நடுவில் ஒரு போன் அளவுக்குத் தூசியில்லாத சதுரம்.

“போன் எங்கப்பா?”

டிரங்குப் பெட்டியில் என்றேன். எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டாள். பாய் வருவதற்கு முந்தின நாள் என்றேன்.

“அப்போ ஒரே போன்தான்னு நீங்க சொன்னது கரெக்ட்டுதான்.” கோபமில்லாமல் சொன்னாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஒயர் அவள் மடியில் கிடந்தது.

நான் ஏதோ ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில், பெண் பிள்ளை, ஊர் எப்படிப்பட்டது என்று. அவள் கையை உயர்த்தினாள்.

“எனக்கு அப்பவே தெரியும்ப்பா. கல்யாணத்தோட கழட்டிட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க எடுத்தா எனக்கு சத்தம் கம்மியாகும். ஒரே லைன்ல ரெண்டு பேர் எடுத்தா கம்மியாகும். அது உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. ஆறு மாதமும் எனக்குத் தெரியாது.

“பெங்களூர் விஷயம் அவளுக்கு நான் காலேஜ்லயே சொல்லிட்டேன். போன்ல மறுபடியும் சொன்னது அவளுக்கு இல்ல. உங்ககிட்ட நேர்ல சொல்ல பயமா இருந்துச்சு. பேசிக்கிட்டு இருக்கும்போதே சத்தம் கம்மியாச்சு. சரி, அப்பா எடுத்துட்டாருன்னு, கம்பெனி பேரு, ஹாஸ்டல் எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவ, எத்தனை தபாடீ சொல்லுவேன்னு திட்டினா.”

எனக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அவள் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள். எவ்வளவு துணிச்சல் பார் என்று நான் பல்லைக் கடித்தேன்.

“அன்னிக்கு சாப்பிடும்போது எதனா கேப்பீங்கன்னு உக்காந்துகிட்டு இருந்தேன். நீங்க ஊறுகா கேட்டீங்க.”

எழுந்து போனாள். ஹாலில் ஜாயின்ட்டை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல செம்பு தெரியும்வரை சுரண்டி, ஒற்றை ஒயராகச் சேர்த்து டேப் சுற்றினாள். மோடத்தைப் போட்டாள். காலையில் வெளியே போய் இறக்கி வந்த அதே குரலை மறுபடி இறக்கிப் பார்த்தாள். என் மனைவி, விவரம் எதுவும் தெரியாமல், சமையலறையிலிருந்து “வருதா?” என்று கேட்டாள். “வருதும்மா” என்றாள் மகள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாவது எச்சரிக்கை வரவே இல்லை. வேலை நிலைத்தது. இரண்டு வருடம் கழித்து அதே கம்பெனி பெங்களூரில் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டது. இந்த முறை சாப்பிடும்போது, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். போய் வா என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கு நான் பன்னிரண்டு வருடம் தாமதம்.

பாய் திரும்ப வரவில்லை. என் இரண்டாவது கடிதத்துக்கு, தங்கள் புகார் சரிசெய்யப்பட்டுவிட்டது என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. குற்றம் சொன்ன கடிதம் மூன்று வாரத்தில் ஒரு மனிதரை மலையடிக்குத் தூக்கிப் போட்டது. ஒப்புக்கொண்ட கடிதத்தை யாரும் படித்ததாகவே தெரியவில்லை. நேரில் போய்ச் சொல்லலாம் என்று ஒருநாள் கிளம்பினேன். பள்ளிகொண்டாவில் இறங்கி ஒடுகத்தூர் பஸ் மாற வேண்டும். பஸ் வந்தது. ஏறவில்லை. டீ குடித்துவிட்டு ஆம்பூர் பஸ்ஸில் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வது கடினமில்லை. தெரிந்துகொள்ளவில்லை.

அந்த இரண்டாவது கடிதத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அது மகள் கேட்டது. அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம். ஒயரை வெட்டிய அன்றைக்கே, கையை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டே, பாய் மேல எழுதினத வாபஸ் வாங்கி எழுதணும் என்றாள். காகிதத்தை எடுத்தேன். வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள், நான் டைப் செய்கிறேன் என்றாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தாள். நான் அவளுக்குப் பின்னால், கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு தினமும் நின்ற அதே இடத்தில் நின்றேன்.

விலாசமும் வணக்கமும் வேகமாகப் போயின. பிறகு என் வழக்கப்படி இங்கிலீஷில் சொன்னேன். வீட்டுக்குள் கூடுதலாக ஒரு ஒயர் இருந்தது தெரியவந்திருக்கிறது. அது முன்பு எப்போதோ இணைக்கப்பட்டிருக்கக்கூடும்.

விரல்கள் நின்றன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“கேக்கறத மட்டும்தான்பா நான் டைப் பண்ணுவேன். ஆனா இதுல யாருன்னு இல்லையே. யார் போட்டது?”

உள்ளே மனைவி எத்தனையோ நாளைக்குப் பிறகு மிக்ஸியைப் போட்டிருந்தாள். அது நிற்கும்வரை காத்திருந்தேன். நின்றது.

“நான்” என்றேன்.

இங்கிலீஷில் அதற்கு ஒரே ஓர் எழுத்து. அவள் அதை அடித்துவிட்டு, அடுத்த வார்த்தைக்காக விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.